தொப்பி ஏறிய சேவல்: குன்னூரிலிருந்து அவலாஞ்சி வரை

வியாழன், குன்னூர்

குன்னூருக்கு வருகிறவர்கள் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, வர்க்கியும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் ஏறி வந்திருப்பது வேறு சங்கதிக்காக. பட்டாளத்துக்காரர்கள் தொப்பியில் இறகு செருகினார்களே, அது ஏன் வந்தது, எப்போது போனது என்று பார்க்க வேண்டும். அதற்கு நீலகிரி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பட்டாளம் தங்குகிற வெலிங்டன் இங்கே இருக்கிறது, வெடிமருந்து செய்கிற அருவங்காடு இருக்கிறது, சோலைக்காட்டில் காட்டுச்சேவல் இருக்கிறது. மூன்றும் பஸ்ஸில் போய்வருகிற தூரம்.

எனக்குப் பிழைப்பு திருப்பூரில், சாயப்பட்டறை ஆய்வகத்தில். போன மாதம் ஒருவர் ஒரு கட்டு வெள்ளைச் சேவல் இறகைக் கொண்டுவந்து, பள்ளிக்கூட பேண்டு குழுவின் தொப்பிக்கு வேண்டும், சிவப்பாக்கித் தர முடியுமா என்றார். பனியன் துணிக்குப் போடுகிற சாயம் இறகில் நிற்காது. பருத்தி செடியின் சாதி. இறகு கம்பளியையும் பட்டையும் போலப் புரதம். அதற்கு அமிலச் சாயம் வேண்டும், கூடவே கொஞ்சம் அசிட்டிக் அமிலம். முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒருவழியாகச் சிவப்பாக்கிக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் விஷயம் தலையை விட்டுப் போகவில்லை. சேவலின் கழுத்தில் இருந்தது மனிதன் தலைக்கு எப்படி வந்தது?

மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ்தான். பர்லியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சித்தப்பா வீடு வெலிங்டனுக்குப் பக்கம். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த காரணத்தைச் சொன்னதும் வர்க்கியை டீயில் முக்கியபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதுல என்ன ஆராய்ச்சி கண்ணு? சம்பளத்தை ஏத்த மனசு வராதவன் தலையில இறகை ஏத்தி விட்டிருப்பான்."

சிரித்தாலும் பாதி உண்மை அது. மீதிப் பாதியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்து ரோமானியக் காலாள் தலைக்கவசத்தின் மேல் மூன்று இறகுகளை நட்டுக்கொள்வான். ஊதா அல்லது கறுப்பு நிறம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ உயரம். அதைச் சூடியவன் இருந்த உயரத்துக்கு இரண்டு மடங்காகத் தெரிவான், பார்க்க அழகாக இருப்பான், எதிரிக்குப் பயம் வரும் என்கிறார். உயரம், அழகு, பயம். செலவோ மூன்று இறகு. சம்பளக் கணக்கோடு பார்த்தால் சித்தப்பா சொன்னதில் தப்பில்லை.

வெள்ளி, வெலிங்டன்

காலையில் மழை விட்டிருந்தது. பாரக்ஸ் இருக்கிற மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். இந்த இடத்துக்கு முன்பிருந்த பெயர் ஜகதளா, பக்கத்துப் படுகர் ஊரின் பெயர். 1850களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பாரக்ஸ் கட்டினார்கள். அப்புறம் வெலிங்டன் டியூக்கின் பெயரைச் சூட்டினார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பது இங்கேதான். 1758-இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் திரட்டிய பட்டாலியன்களிலிருந்து தன் வம்சத்தைக் கணக்கு வைக்கிற படை. அதன் சின்னத்தில் இருக்கிற யானை, 1803-இல் அஸ்ஸாயே போரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் சண்டையிட்டதற்குக் கிடைத்தது. அந்த வெல்லெஸ்லிதான் பின்னால் வெலிங்டன் டியூக்.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்குப் பெயர் கொடுத்த டியூக்குக்கே இறகு ஆகாது. 1815-இல் வாட்டர்லூ களத்தில் அவர் தலையில் இருந்தது மொட்டையான தொப்பி. ஓரத்தில் சின்னச் சின்ன காகேட், அதாவது ரிப்பன் வட்டங்கள்: பிரிட்டனுக்கும் அதன் தோழமை நாடுகளுக்கும். அதே காலத்தில் நெப்போலியனின் குதிரைப்படைத் தளபதி முரா, நெருப்புக்கோழி இறகு அசைந்தாட ஊர்வலத்துக்குப் போகிறவர் மாதிரி போருக்குப் போவார். இரண்டு பேருமே கெட்டிக்காரத் தளபதிகள். ஆக, இறகுக்கும் வீரத்துக்கும் நேர்க்கோடு எதுவும் போட முடியாது.

அப்படியானால் எதற்கு? நிறத்தைப் பார்த்தால் புரியும். 1800-ஐ ஒட்டிய பிரிட்டிஷ் காலாட்படையில் குஞ்சத்தின் நிறம்தான் கம்பெனியின், அதாவது படையின் சின்னப் பிரிவின், விலாசம். கிரனேடியர் கம்பெனிக்கு வெள்ளை, லைட் கம்பெனிக்குப் பச்சை, நடுக் கம்பெனிகளுக்கு மேலே வெள்ளை கீழே சிவப்பு. துப்பாக்கி வெடித்துப் புகை சூழ்ந்தபின் முகம் தெரியாது, சட்டையும் சரியாகத் தெரியாது. தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஆடுகிற நிறம் தெரியும். தன் கம்பெனி எங்கே நிற்கிறது என்று சிப்பாயும் கண்டுபிடிக்கலாம், சிப்பாய்கள் எங்கே என்று அதிகாரியும் கண்டுபிடிக்கலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. 'போந்தை வேம்பே ஆரென வரூஉம் மாபெருந் தானையர் மலைந்த பூவும்' என்று தொல்காப்பியம் பட்டியலே போடுகிறது. இது போதாதென்று ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மதிலை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் மோதினால் தும்பை. அவர்கள் பறவையிடம் வாங்கியதை நாம் செடியிடம் வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பூ மேல். சாயம் போட வேண்டாம், வாடினால் அடுத்த நாள் புதிதாகப் பறித்துக்கொள்ளலாம்.

குஞ்சத்துக்காக ஒரு ரெஜிமென்டே முறைத்துக்கொண்ட கதையும் உண்டு. 1778 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவில் பிரெஞ்சுப் படையோடு சண்டை. பிரிட்டிஷ் படையின் 5-ஆம் காலாள் ரெஜிமென்ட், செத்து விழுந்த பிரெஞ்சுக்காரர்களின் தொப்பியிலிருந்து வெள்ளை இறகைப் பிடுங்கித் தங்கள் தொப்பியில் செருகிக்கொண்டது. ஐம்பது வருடம் அது அவர்களுடைய தனிப் பெருமை. 1829-இல் எல்லாக் காலாட்படையும் வெள்ளைக் குஞ்சம் அணியலாம் என்று உத்தரவு வந்ததும் பெருமைக்கு ஆபத்து வந்துவிட்டது. விண்ணப்பம் போட்டு, தங்களுக்கு மட்டும் வெள்ளைக்கு மேல் சிவப்பு வாங்கினார்கள். எதிரியின் ரத்தத்தில் தோய்த்த இறகு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த வம்சத்தில் வந்த பியூசிலியர்கள் என்கிற பிரிட்டிஷ் காலாட்படையினர் இன்றும் சிவப்பு-வெள்ளை ஹேக்கிள்தான் சூடுகிறார்கள்.

ஹேக்கிள் என்பது பெரே தொப்பியில் பேட்ஜுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற சின்னக் குஞ்சம். நம் ராணுவத்தில் கிரனேடியர்ஸ் ரெஜிமென்டுக்கு வெள்ளை ஹேக்கிள் உண்டு. கடைவீதியில் ராணுவ உடை தைக்கிற கடை ஒன்றுக்குச் சித்தப்பா கூட்டிப் போனார். தோள்பட்டை நாடா, பேட்ஜ், பெல்ட்டுக்கு நடுவே ஒரு பெட்டி நிறைய ஹேக்கிள்.

"ஏனுங்க, இது சேவல் இறகா, நைலானா?"

"ரெண்டும் இருக்குதுங்க. மழைக்கு நைலான் தாங்கும். ஆனா பரேடுக்குச் சேவல்தான் கேப்பாங்க. காத்து அடிச்சா அது ஆடற ஆட்டமே வேற."

ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சேவலின் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் வளர்கிற ஒல்லி இறகுகள்தான் இதற்கு ஆகும். நுனி ஊசி, பக்கம் பளபளப்பு. பெட்டைக்கு அதே இடத்து இறகு வட்ட நுனியோடு மந்தமாக இருக்கும். அடியில் இருக்கிற பஞ்சு மாதிரியான பகுதியை உரித்துவிட்டு, நீராவி காட்டி நிமிர்த்தி, நீளவாரியாகப் பிரித்து, ஒரு கம்பியைச் சுற்றி அடுக்கடுக்காக மெழுகு நூலால் கட்டியிருக்கிறார்கள். நெட்டை நடுவில், குட்டை சுற்றிலும். கட்டின் மேல் ஒரு நாடா. தொழில் புத்தி போகுமா, ஒரு இறகின் காம்பு வெட்டுமுனையைப் பார்த்தேன். வெளியே ரத்தச் சிவப்பு, உள்ளே வெள்ளை. சாயம் மேல்தோலோடு நின்றுவிட்டது. இன்னும் கால்மணி நேரம் சூட்டில் வைத்திருக்கலாம். வெயில் படுகிற பரேடில் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம். கடைக்காரரிடம் சொல்லவில்லை, அவரா சாயம் போட்டார்?

பெட்டியோடு தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று வள்ளுவர் அச்சு முறிகிற வரை ஏற்றிய பீலி எத்தனை வண்டியோ. இறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, வடக்கேயிருந்து கட்டியே வருகிறது என்றார். நாமக்கல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பிரயோஜனமில்லை, அங்கே இருப்பதெல்லாம் முட்டைப் பண்ணை. அத்தனை லட்சம் கோழியில் ஒரு சேவலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த ஊரில் தொப்பியைப் பற்றிப் பேசிவிட்டு வேலூரை விட முடியாது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் ஒரு புதிய ஒழுங்கு வந்தது. சிப்பாய்கள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு ஐரோப்பியத் தொப்பி மாதிரியே இருக்கிற புதுத் தலையணியைப் போட வேண்டும். அதில் தோலால் செய்த காகேட் இருக்கும். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும். தோல் எந்த மிருகத்துடையது என்று கேட்காத சிப்பாய் இருந்திருக்க மாட்டான். 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாலியன் போட மாட்டோம் என்றது. இரண்டு பேருக்குத் தலைக்கு 900 கசையடி. ஜூலை 10 அதிகாலை கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பம், சம்பளக் குறை என்று காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் நெருப்பு வைத்தது தலையில் இருந்த பொருள். கடைசியில் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள். கிராடக்கையும் ஆளுநர் பென்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

பிரெஞ்சுக்காரன் தொப்பியிலிருந்து தானாகப் பிடுங்கிச் சூடியதற்காக ஒரு படை ஐம்பது வருடம் பெருமைப்பட்டது. மேலேயிருந்து திணித்ததை இன்னொரு படை தூக்கி எறிந்தது. தலைக்கு மேல் வைப்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் இரண்டு கதையும் சுற்றுகின்றன. சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கசையடிதான் காரணம். தொப்பிக்கா ஒருத்தன் சாவான்?" என்றார். ராத்திரிச் சாப்பாடு வரை பேச்சு ஓயவில்லை.

சனி, அருவங்காடு

வெலிங்டனுக்கு அடுத்த ரயில் நிலையம் அருவங்காடு. மலை ரயில் பெட்டி நிலையத்தை விட்டு நகர்ந்ததுமே பள்ளத்தாக்கில் தொழிற்சாலைக் கட்டடங்கள் தெரியும். கார்டைட் தொழிற்சாலை. 1900களின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்து செய்கிற இடம். உள்ளே விடமாட்டார்கள், படம் எடுக்கவும் கூடாது. நாங்கள் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டதோடு சரி. என் கணக்கில் இந்தப் பயணத்தின் முக்கியமான இடம் இது. தொப்பி இறகைக் கொன்ற பொருள் இந்தப் பள்ளத்தாக்கில்தான் தயாரானது.

பழைய கறுப்பு வெடிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது; திடத் துகளாக நிற்கும். அதுதான் அந்தப் புகை. இரண்டு மூன்று முறை சுட்டால் களம் முழுக்க மூட்டம். மஸ்கட் துப்பாக்கியும் நூறு கெஜத்துக்கு மேல் குறி தவறிக்கொண்டே இருக்கும். அந்தப் புகையில், அந்தத் தூரத்தில், பளிச்சென்று தெரிவது லாபம். சிவப்புச் சட்டை, வெள்ளைப் பட்டை, உயரக் குஞ்சம் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை.

1884-இல் பிரான்சில் பால் வியே புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில் அதைச் சுடுகிற லெபெல் ரைபிள் பிரெஞ்சுப் படையின் கையில். 1889-இல் பிரிட்டனில் ஏபெல், டியூவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கார்டைட் என்கிற புகையில்லாத மருந்தைச் செய்தார்கள்: நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு என்கிற நைட்ரேட் ஏற்றிய பருத்தி 37 பங்கு, வாசலின் 5 பங்கு. அசிட்டோன் விட்டுப் பிசைந்து நூல் நூலாகப் பிழிந்து எடுப்பார்கள். இடியாப்ப அச்சில் பிழிகிற மாதிரிதான். பருத்தி சாயத்துக்கு மட்டும்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

புகை போனதும் சுடுகிறவன் எங்கே படுத்திருக்கிறான் என்று தெரியவில்லை. ரைபிளின் எட்டும் தூரமும் பல மடங்கு கூடிவிட்டது. அப்போது தலைக்கு மேல் ஆடுகிற வெள்ளை இறகு யாருக்கு உதவும்? எதிரிக்குக் குறி வைக்க உதவும். 1899-இல் தென்னாப்பிரிக்காவில், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் மவுசர் ரைபிளோடு பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள். அதிகாரிகள் வாளை வைத்துவிட்டுச் சிப்பாய் மாதிரியே நடக்கத் தொடங்கினார்கள். காக்கி எங்கும் பரவியது. 1914-க்கு அப்புறம் குஞ்சமும், அதைச் செருகுகிற உயரமான உருளைத் தொப்பியான ஷாகோவும் பெரும்பாலும் பெட்டிக்குள் போயின.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் போர்க்களத்தில் எல்லா நேரமும் இறகு ஆடவில்லை. நெப்போலியன் காலத்துப் படைகள் நடைபயணத்தில் தொப்பிக்கு மெழுகுத்துணி உறை போட்டுவிடும். குஞ்சத்தைச் சுருட்டித் துணியில் கட்டி வாளுறையோடு சேர்த்துக்கொள்வார்கள். நனைந்த இறகின் லட்சணம் இந்த மலையில் கோழி வளர்க்கிற யாருக்கும் தெரியும். ஓவியங்களில் எல்லோரும் குஞ்சத்தோடு பாய்வதைப் பார்த்து அப்படியே நம்பிவிடக் கூடாது. வரைந்தவருக்கும் சாயக்காரனுக்கும் நிறம்தானே முதல்.

நம் ஔவையார் இந்த உண்மையை ஒரு சின்னப் பாட்டில் சொல்லிவிட்டார். அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். 'இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி' என்று புறநானூற்றின் 95-ஆம் பாட்டு தொடங்கும். உன் ஆயுதங்கள் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன; அவன் ஆயுதங்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி மாதிரி ஒரு குத்து. பீலி கட்டியிருந்தால் அது வேலையில் இல்லை என்று அர்த்தம். இன்றைக்குப் பரேடு மைதானத்தில் ஹேக்கிள் இருக்கிறது, எல்லையில் இருக்கிறவன் தலையில் இல்லை. சித்தப்பாவுக்குப் பாட்டைச் சொன்னதும் ரொம்பப் பிடித்துவிட்டது. "நான் ஓட்டின லாரி எல்லாம் அதியமான் கட்சி" என்றார்.

ஞாயிறு, ஊட்டி

கூட்டம். படகு இல்லம் பக்கம் தலை காட்ட முடியவில்லை. சேரிங் கிராஸில் இறங்கித் தாவரவியல் பூங்கா வழியாக மேலே நடந்தோம். அதற்கு மேலே ஆளுநர் மாளிகை. சென்னை மாகாண அரசு கோடை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடும். 1870களின் இறுதியில் பக்கிங்ஹாம் டியூக் ஆளுநராக இருந்தபோது கட்டத் தொடங்கிய மாளிகை அது.

அந்த ஆளுநர்களின் சடங்கு உடையில் தொப்பிதான் உச்சம். அன்னப்பறவையின் வெள்ளை இறகு மேலே கொட்டிக் கிடக்கும், அதற்குக் கீழே சிவப்பு இறகு. அன்னத்தை நாம் கவிதையில் பால் பிரிக்க வைத்தோம். அவர்கள் தொப்பியில் வைத்தார்கள். இந்தக் குளிரில் சரி, சென்னை வெயிலில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கமும் சளைத்ததில்லை. முகலாய, மராத்தியத் தலைப்பாகைகளில் கல்கி என்று ஒரு இறகு நிமிர்ந்து நிற்கும், பெரும்பாலும் நாரையின் கறுப்பு இறகு. முகலாய அரசவையில் நினைத்தவர் நினைத்தபடி அதைச் சூட முடியாது. பாதுஷா கொடுக்க வேண்டும்.

மோசமான கதை கொக்குடையது. இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளைக்கொக்கின் முதுகில் நூல் நூலாகத் தொங்குகிற இறகு வளரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு அதில் வெறி பிடித்தது. எடைக்கு எடை தங்கத்தைவிடக் கூடுதல் விலை. பிரிட்டிஷ் ஹுஸார் குதிரைப்படை அதிகாரிகளின் தொப்பியிலும் அதே இறகுதான். கூட்டில் குஞ்சு இருக்கிற நேரத்தில்தான் அந்த இறகு இருக்கும் என்பதால், தாய்ப்பறவையைச் சுட்டால் குஞ்சுகள் பட்டினியில் சாகும். ஒரு இறகுக்கு ஒரு கூடு என்று கணக்கு. பிரிட்டனில் பறவைப் பாதுகாப்புக்குச் சங்கம் தொடங்கியவர்கள் பெண்கள், 1889-இல். அவர்கள் விடாமல் கேட்டதில், 1899-இல் படை உடையிலிருந்து அந்தக் கொக்கிறகை எடுக்கும் உத்தரவை விக்டோரியா ராணி உறுதி செய்தார். 1902-இல் இந்திய அரசு பறவைத் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. பிரிட்டன் இறக்குமதிக்குச் சட்டம் போட 1921 ஆனது. பட்டாளத்துக்காரர்கள் பெண்களுக்கு முன்பே கொக்கிறகைக் கழற்றினார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். உத்தரவு போட்டால் கழற்றுகிற கூட்டம் என்பதால் இருக்கலாம். ஃபேஷனுக்கு யார் உத்தரவு போடுவது?

மதியம் சாப்பாடு சுமார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

திங்கள், அவலாஞ்சி

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாகப் பஸ். அப்புறம் வனத்துறை வண்டி. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. இன்றைக்கு எங்களுக்குத் தூறலோடு விட்டுவிட்டது. வண்டி ஓட்டியவர் பக்கத்து ஊர்ப் படுகர். நாங்கள் தேடி வந்தது காட்டுச்சேவல் என்றதும், "சத்தம் போடாம வந்தா காமிக்கறேன்" என்றார். சித்தப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

சோலையின் ஓரத்தில், பாதை வளைகிற இடத்தில், ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும். சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவிலும் தீபகற்பத்தின் சில பகுதிகளிலும் மட்டும்தான் இருக்கிறது. புதுச்சேரியில் இருந்து பறவைகளையும் செடிகளையும் சேகரித்த பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரை 1813-இல் இதன் அறிவியல் பெயரில் வைத்தார்கள். நாங்கள் பார்த்த சேவலுக்குக் கழுத்து மொட்டையாக, மங்கலாக இருந்தது. ஏதாவது நோயா என்று சித்தப்பா கேட்டார். இல்லை, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கழுத்து இறகை உதிர்த்துவிட்டு இப்படித்தான் சாதாரணமாகத் திரியும். அப்புறம் புதிது முளைக்கும் என்றார் ஓட்டுநர்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பாதையோரப் புல்லில் ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். விரல் நீளம். கரும்சாம்பல் நிறத்தில் இறகு, நடுத்தண்டு வெளுப்பு. நுனிக்குக் கொஞ்சம் முன்னால் தண்டே தட்டையாக அகன்று, மஞ்சள் மெழுகு ஒரு சொட்டு விழுந்து உறைந்த மாதிரி பளபளக்கிறது. அதன் மேல் மழைத்துளி நிற்காமல் உருண்டது. எந்தச் சாயத்தாலும் இதைச் செய்ய முடியாது. நிறம் மேலே பூசியது இல்லை, இறகின் இழைகளே அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து தகடாகிவிடுகின்றன.

இந்த மஞ்சள் சொட்டுதான் பறவைக்கு எமன். தொப்பிக்காக இல்லை, தூண்டிலுக்காக. வெள்ளைக்காரர்கள் சால்மன், டிரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகு கட்டிப் பூச்சி மாதிரி செய்வார்கள். இந்த இறகு அதில் மீன்குஞ்சின் கண் மாதிரித் தெரியும். கழுத்துத் தோலோடு உரித்து மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்தார்கள். இதே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கிற பண்ணை இருக்கிறது. நீலகிரியில் டிரவுட்டை வளர்க்க 1860களிலேயே முயற்சி நடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பலித்தது. மீன் கடல் தாண்டி இங்கே வந்தது, அந்த மீனைப் பிடிக்கிற இறகு இங்கிருந்து கடல் தாண்டிப் போனது. இப்போது அங்கே கூண்டில் வளர்த்த பறவையின் இறகையும் அச்சடித்த போலியையும் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

சித்தப்பா இறகை எடுக்கக் கை நீட்டினார். ஓட்டுநர் தடுத்தார்.

"எடுக்காதீங்க ஐயா. தானா விழுந்த மயிலிறகுன்னா வேற. இதைப் பையில வெச்சா 1972 வனவிலங்குச் சட்டத்துல கேஸ்."

"கீழ கிடக்கறதுதானே?"

"கீழ கிடந்ததா, கழுத்துல கிடந்ததான்னு செக்போஸ்ட்காரனுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. விட்டுவிட்டு வண்டியில் ஏறினோம்.

திரும்பும்போது சித்தப்பா, மலையில் சண்டை போடுகிற படை ஏதாவது இறகு வைத்திருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. இத்தாலியின் ஆல்பினி, 1872-இல் தொடங்கிய மலைப்படை. தொப்பியின் இடது பக்கம் ஒரே ஒரு நீள இறகு, பின்னால் சாய்ந்து நிற்கும். அதே நாட்டின் பெர்சாலியேரி படை காட்டுக்கோழி மாதிரியான கேப்பர்கெய்லி என்ற பறவையின் கறுப்பு இறகைக் கொத்தாக வைத்துக்கொள்ளும். முதல் உலகப்போரில் இரும்புத் தொப்பியின் மேலும் அதை விடவில்லை. புகையில்லாத வெடிமருந்துக்கெல்லாம் அவர்கள் அசரவில்லை.

"அந்த ஒத்தை இறகு எந்தப் பறவை?"

சிப்பாய்க்குக் காக்கை இனத்துக் கறுப்பு இறகு, இளநிலை அதிகாரிகளுக்குக் கழுகு, மேஜரிலிருந்து ஜெனரல் வரை வெள்ளைப் பெருவாத்து இறகு என்று சொன்னேன்.

"அங்கயும் நமக்குக் காக்காதானா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஜெனரலுக்கு வாத்தா!" என்று சிரிக்க ஆரம்பித்தார். எமரால்டு வரைக்கும் அடங்கவில்லை. ஓட்டுநருக்கு விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.